மொட்டைமாடியில் அப்பா விட்டுவைத்த கம்பி: மேலே ஒரு தளம் போடலாமா?

கொடிமல்லி:

எல்லோருக்கும் வணக்கம். தாம்பரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு, 1994-இல் அப்பா கட்டியது. ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனை, கீழ்த்தளம் மட்டும், 950 சதுர அடி. மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்கும் இந்தப் பக்கமே வேலை. மேலே 700 சதுர அடியில் ஒரு சின்ன வீடு போட்டுக் கொடுத்தால் கூடவே இருப்பார்கள் என்று ஆசை.

மொட்டைமாடியின் நான்கு மூலையிலும் அப்பா கம்பி விட்டு வைத்திருக்கிறார். முப்பது வருஷமாகத் துணிக்கயிறு கட்டத்தான் பயன்பட்டது. மேஸ்திரி வந்து அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கம்பி ரெடியா நிக்குது, நாளைக்கே செங்கல் இறக்கலாம்மா. வீட்டு வரி ரசீது இருக்கே, அப்ரூவல் எதுக்கு?" என்றார். இன்னொருவர் 65,000 ரூபாய் கொடுத்தால் அப்ரூவலைத் தானே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பழைய பிளானைக் கேட்கவில்லை, வீட்டையும் வந்து பார்க்கவில்லை. அதுதான் எனக்கு உதைக்கிறது.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் முத்திரை குத்திய பழைய புளூபிரிண்ட் கிடைத்தது. அதில் இல்லாத இரண்டு விஷயம் வீட்டில் இருக்கிறது: பக்கத்துச் சந்தில் பிற்பாடு கட்டிய குளியலறை, முன்வாசல் சிட் அவுட்டை அடைத்து உண்டாக்கிய அறை. இதை வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் வம்பாகுமா? முதலில் யாரைப் பிடிக்க வேண்டும், ஆர்க்கிடெக்டையா, இன்ஜினியரையா?

கடன்காரன்:

நான் மேஸ்திரி பேச்சைக் கேட்டு அப்ரூவல் இல்லாமல் ஆரம்பித்தவன். கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் வந்ததும் கையில் பணம் தீர்ந்தது. வங்கியில் வீட்டுக்கடன் கேட்டால், மாடிக்கு அனுமதி வாங்கிய பிளான் எங்கே என்றார்கள். வரி ரசீதைக் காட்டினேன். அந்த அதிகாரி சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். மனைவி நகையை அடகு வைத்துத்தான் தளம் போட்டேன். இன்னும் மூன்று வளையல் பாக்கி.

பழைய ஓவர்சீயர்:

அம்மா, கம்பியை நம்பாதீர்கள். அந்தக் காலத்து நடுத்தர வீடுகளில் பலவற்றில் தூண் போர்ட்டிகோவில் மட்டும்தான் இருக்கும். மற்றபடி எடையெல்லாம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் மேல். மூலையில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் கீழே தூண் இருக்கிறது என்று அர்த்தமில்லை. நிஜமாகவே தூண் இருந்தாலும், முப்பது மழைக்காலம் நனைந்த கம்பி துருப்பிடித்து ஊதி, சுற்றியுள்ள கான்கிரீட்டை வெடிக்க வைத்திருக்கும்.

அதனால் முதல் ஆள், கட்டடம் எடை தாங்குமா என்று கணக்குப் போடுகிற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். படம் வரைகிறவர் அப்புறம். ஒரு மூலையில் சுவரோரமாக மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டச் சொல்லி, அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று கண்ணால் பார்க்க வேண்டும். மூலைகளில் பூச்சைக் கொஞ்சம் கொத்தினால் உள்ளே செங்கலா கான்கிரீட்டா என்பது தெரிந்துவிடும். சிலர் ரீபவுண்டு ஹாம்மர் என்கிற சோதனைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி "பலமா இருக்கு" என்று எழுதிக் கொடுப்பார்கள். அது மேல்தோலின் கடினத்தைத்தான் சொல்லும். பழைய கான்கிரீட்டில் மேல்தோல் காற்றுப்பட்டு இறுகியிருக்கும், அதனால் அளவு கூடவே காட்டும். அதை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

எந்தச் சுவர் ஒன்பது அங்குலம், எது நாலரை என்று குறித்துக்கொள்ளுங்கள். மாடிச் சுவர் ஒன்பது அங்குலச் சுவருக்கு நேர் மேலே வரட்டும். ஹால் பெரிதாக வேண்டும் என்று நகர்த்தினால் பீம் போட வேண்டிவரும். மாடிக் குளியலறை கீழ்க் குளியலறைக்கு மேலேயே இருக்கட்டும். சாதாரண செங்கலுக்குப் பதில் ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல்) போட்டால் எடை நன்றாகக் குறையும்.

அடுத்தது அனுமதி. வெள்ளையடிப்பது, பூச்சு, தரை மாற்றுவது, ஓடு மாற்றுவது இதற்கெல்லாம் அனுமதி தேவையில்லை. மேலே ஒரு தளம் என்றால் கட்டாயம் தேவை. இல்லாமல் கட்டினால் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் வேலையை நிறுத்தவும் இடிக்கவும் நோட்டீஸ் வரலாம். வரி ரசீது அனுமதி ஆகாது. அனுமதியில்லாத கட்டடத்துக்கும்தான் வரி போடுகிறார்கள்.

2019 விதிகளின்படி சாதாரண வீட்டுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது எல்லாத் தளமும் சேர்த்து மனையைப் போல் இரண்டு மடங்கு. 2,400 சதுர அடி மனையில் 4,800 வரை போகலாம், நீங்கள் 1,650-இல்தான் நிற்கிறீர்கள். பரப்பு பிரச்சினையே இல்லை. சுற்றி விட வேண்டிய காலி இடம்தான் பிரச்சினை. விண்ணப்பப் படத்தில் இருக்கிற கட்டடத்தையும் காட்ட வேண்டும், அப்போது சந்துக் குளியலறை தானாக வெளியே வரும். என்னைக் கேட்டால், இடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். சிட் அவுட் அறைக்கு முன்னால் எத்தனை அடி மிச்சம் என்று அளந்த பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையை யாராவது சொல்வார்கள். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500-க்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் ஆன்லைனில் உடனே கிடைக்கும். ஆனால் எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். சந்தில் குளியலறையை வைத்துக்கொண்டு அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். அந்த 65,000 ஆசாமி வீட்டைப் பார்க்காமல் எதை வரைந்து கொடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

700 சதுர அடிக்கு ஆர்க்கிடெக்ட் கட்டாயமில்லை. வைத்தால், ஆர்க்கிடெக்டுகளுக்கான கவுன்சிலில் பதிவான எண் இருக்கிறதா என்று பாருங்கள், சிஏ என்று ஆரம்பிக்கும். யாரை வைத்தாலும் படத்துக்கு ஒரு கட்டணம், மேற்பார்வைக்குத் தனிக் கட்டணம் என்று எழுதி வாங்குங்கள். கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் கொட்டுமுன் இன்ஜினியர் மாடி ஏறி வந்து பார்க்க வேண்டும். வாட்ஸாப்பில் போட்டோ அனுப்புவது மேற்பார்வை ஆகாது.

கொடிமல்லி:

ஓவர்சீயர் ஐயா, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இன்ஜினியரை அழைத்துக் குழி வெட்டிப் பார்த்தோம். அவருக்கு 12,000 ரூபாய், குழி வெட்டிய ஆளுக்கு 900. நாலடி ஆழத்தில் கருங்கல் அஸ்திவாரம், நன்றாகவே இருக்கிறதாம். ஆனால் முன்னால் போர்ட்டிகோ மூலைகளில் மட்டும்தான் தூண். பின்பக்கம் இரண்டு மூலையிலும் கம்பி வெறும் சுவரில் ஒன்றரை அடி இறங்கி நின்றுவிட்டது. அப்பாவிடம் அந்தக் கொத்தனார் நாலுக்கும் காசு வாங்கியிருப்பார்.

பிளாக் சுவராகப் போட்டால் ஒரு தளம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். சமையலறைச் சுவர் நாலரை அங்குலம் என்பதால் மாடி 620 சதுர அடியாகக் குறைகிறது. மகள் முணுமுணுத்தாள், சரி என்றாள். சந்துக் குளியலறையைச் சனிக்கிழமை இடிக்கிறோம். முன் அறையை அளந்தாயிற்று, அதற்கு முன்னால் விட வேண்டிய காலி இடத்தில் முக்கால் அடி குறைகிறது. அதற்கு என்ன வழி என்று படம் வரைகிறவர் திங்கட்கிழமை வந்து சொல்வதாக இருக்கிறார்.

பின்பக்கக் கம்பிகளை வெட்டியாகிவிட்டது. துணிக்கயிற்றை இப்போதைக்கு முருங்கை மரத்தில் கட்டியிருக்கிறேன்.