டப்பாவுல எம்பி4ன்னு போட்டிருந்தா எல்லாம் ஓடிருமா வே?

வடசேரி_வாத்தியார்: நேத்து இங்க ஒரு அண்ணாச்சி எழுதியிருக்காரு, டிவிடி பிளேயர் டப்பாவுல எம்பி4ன்னு போட்டிருந்தா எந்த எம்பி4 ஃபைலும் ஓடுமாம், ஓடலேன்னா பெண்டிரைவ்தான் கோளாறாம். இதைப் படிச்சிட்டு எங்க தெருவுல ஒருத்தர் மவ கல்யாண வீடியோவை சொருகி சொந்தக்காரங்க எல்லாத்தையும் உக்கார வச்சிருக்காரு, நாதஸ்வரம் கேக்கு, மாப்பிள்ளையக் காணும். எம்பி4ங்கது வெறும் பொதி வே, உள்ள என்ன கிடக்குன்னு பாக்கணும். படத்தைச் சுருக்குத முறைக்குப் பேரு கோடெக். இந்த சாதா பிளேயர்ல உள்ள சிப்பு டிவ்எக்ஸ், எக்ஸ்விட் மாதிரி எம்பெக்-4 பார்ட் 2ங்க பழைய கோடெக்ல சுருக்கின ஃபைலைத்தான் பிரிக்கும். இப்ப போன்ல, கேமரால வாறது பெரும்பாலும் எச்.264, அது அதே எம்பெக்-4ல பார்ட் 10, 2003ல வந்தது, அதைப் பிரிக்க அந்த சிப்புக்கு வக்கு கிடையாது.

குழித்துறை_ஆறு: அந்த அண்ணாச்சி நாந்தான், நேரா எங்கிட்டயே கேக்க வேண்டியதுதானே. எங்க வீட்டுல எம்பி4 ஓடுது. மச்சான் துபாய்ல இருந்து கொண்டு வந்த பிளேயர். ஓடுது.

வடசேரி_வாத்தியார்: உள்ள என்ன கோடெக்?

குழித்துறை_ஆறு: எம்பி4.

வடசேரி_வாத்தியார்: சரியாப் போச்சு.

குளச்சல்_அலை: எங்க வீட்டுலயும் ஒண்ணு ஓடும் ஒண்ணு ஓடாது. ஆனா எங்களுக்கு பெரிய தொந்தரவு உப்புக்காத்து, உள்ள எல்லாம் துருப்பிடிச்சிருது. அதுக்கு யாராவது வழி சொல்லுங்க.

குழித்துறை_ஆறு: பாத்தீரா, அவருக்கும் ஓடுது.

வடசேரி_வாத்தியார்: அவரு ஒண்ணு ஓடாதுன்னும் எழுதியிருக்காரு, அது கண்ணுல படலியா? இந்தப் பெட்டியோட கதை தெரியாம பேசாதீரும். டென்மார்க்ல கிஸ்னு ஒரு கம்பெனி 2003 வாக்குல டிபி-450ன்னு ஒண்ணு விட்டான், சிக்மா டிசைன்ஸ் சிப்பு, அதுதான் டிவ்எக்ஸ் ஓட்டின முதல் டிவிடி பிளேயர். அதுல இருந்தே இந்தப் பாடுதான், எக்ஸ்விட் ஃபைலா இருந்தாலும் கியூபெல், ஜிஎம்சின்னு ரெண்டு வித்தையப் போட்டு சுருக்கியிருந்தா பெரும்பாலான பெட்டி திணறும். டிவ்எக்ஸ்காரன் ஹோம் தியேட்டர் முத்திரை குடுத்ததே 720க்கு 576 புள்ளி அளவுக்குத்தான். உம்ம போன் எடுக்கது 1920க்கு 1080. அளவும் மிஞ்சி கோடெக்கும் வேறயா இருந்தா எப்படி வே ஓடும்?

குழித்துறை_ஆறு: டென்மார்க்கு போவாண்டாம், மார்த்தாண்டத்துக்கு வாரும். எம்பி4 ஓடுது.

தக்கலை_அரண்மனை: அந்த கிஸ்காரன் சப்டைட்டில் காட்டுத புரோகிராமை எம்பிளேயர்ங்க இலவச வீடியோ மென்பொருள் எழுதின ஆளுகள்ட்ட இருந்து சுட்டான்னு 2004ல பெரிய சண்டை ஆச்சு. அதை வாத்தியார் சொல்ல மாட்டாரு, அவருக்குப் பிடிச்ச கம்பெனி.

வடசேரி_வாத்தியார்: பிடிச்ச கம்பெனின்னு நான் சொன்னனா? அது வேற சண்டை. சப்டைட்டில்னு சொன்னதால கேக்கேன், இந்தப் பெட்டியில தமிழ் எஸ்ஆர்டி, அதான் சப்டைட்டில் ஃபைலு, போட்டுப் பாத்திருக்கீரா? கட்டம் கட்டமா வரும். அதையும் பெண்டிரைவ் கோளாறும்பீரு.

தக்கலை_அரண்மனை: பெண்டிரைவ்னதும் ஞாபகம் வருது, எங்கிட்ட வாங்கின 16 ஜிபி எப்ப வரும்?

வடசேரி_வாத்தியார்: இங்க வச்சு கேக்க வேண்டிய காரியமா இது? குடுத்தாச்சு.

தக்கலை_அரண்மனை: கவர் மட்டும் வந்துச்சு.

குளச்சல்_அலை: துரு?

குழித்துறை_ஆறு: நாகர்கோவில்காரனுவளுக்கு மேக்க இருந்து யாரு என்ன சொன்னாலும் ஆவாது. நாங்க ரப்பர் வெட்டுக ஆளுக, எங்களுக்கு கோடெக் தெரியாது, சம்மதிச்சேன். படம் பாக்கத் தெரியும். ஓடுது.

வடசேரி_வாத்தியார்: கிழக்கு மேக்கெல்லாம் எதுக்கு இழுக்கீரு? நான் கேட்டது ஒத்தக் கேள்வி. கம்ப்யூட்டர்ல விஎல்சிங்க வீடியோ பிளேயர்ல திறந்து, டூல்ஸ்ல கோடெக் இன்ஃபர்மேஷனை அமுக்கினா உள்ள உள்ளது தெரியும். எக்ஸ்விட்னு காட்டினா உம்ம பெட்டியில ஓடினதுல அதிசயமே கிடையாது, நான் முதல்ல சொன்னதும் அதுதான். எச்264ன்னோ, அதோட இன்னொரு பேரான ஏவிசின்னோ காட்டி, அதுவும் அந்தப் பெட்டியில படத்தோட ஓடுச்சுன்னா போட்டோ எடுத்துப் போடும். இன்னொண்ணு, 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா இருந்தா ஃபேட்32 முறையில ஃபார்மேட் பண்ணின பெண்டிரைவ்ல ஏறவே ஏறாது, என்டிஎஃப்எஸ் முறைக்கு மாத்தினா இந்தப் பெட்டிகள்ல பாதி அதைத் திரும்பிப் பாக்காது. ஸ்டுடியோக்காரன்ட்ட பழைய டிவிடியாவே போட்டுத் தாடான்னு கேக்கது மரியாதை.

குழித்துறை_ஆறு: போட்டோ என்ன, வீடியோவே எடுத்துப் போடுகேன்.

வடசேரி_வாத்தியார்: எடும். அந்த வீடியோவும் பெரும்பாலும் எச்.264லதான் இருக்கும், அதையே பெண்டிரைவ்ல ஏத்தி உம்ம துபாய் பெட்டியில சொருகும்.

குழித்துறை_ஆறு: ஓடும்.

தக்கலை_அரண்மனை: பெண்டிரைவ் வேணும்னா வாத்தியார்ட்ட வாங்கிக்கிடும், அவர்ட்ட ஒண்ணு கூடுதலா கிடக்கு.