ஊரடங்கு நாளில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

மதுரைக்காரி:
அப்பாவுக்கு அப்போ 76, அம்மாவுக்கு 70. மதுரை வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். நான் சென்னையில் மாட்டிக்கொண்டேன். 2020 மார்ச் 24 சாயங்காலம் 144 போட்டதிலிருந்து தினமும் ராத்திரி போன். "சாப்ட்டாச்சும்மா, நீ பத்திரமா இரு." அதுக்கு மேல் ஒரு வார்த்தை வராது.

ஏப்ரல் 26லிருந்து மதுரையில் நாலு நாள் முழு ஊரடங்கு. அது முடிந்த பிறகு அம்மா வாய்தவறிச் சொன்னாள், அப்பா பிரஷர் மாத்திரையைப் பாதியா உடைச்சுப் போடுறாராம். மார்ச்சில் வாங்கிய அட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார்! மெடிக்கல் எல்லாம் திறந்துதான் இருந்தது. எதிர்வீட்டுத் தம்பியிடம் சீட்டைக் கொடுத்தால் பத்து நிமிஷ வேலை. கேட்டால், "ஏம்மா, போன வாரந்தான் அவன் அரிசி வாங்கித் தந்தான். மறுபடியும் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது?"

65 வயசுக்கு மேல் வெளியே வராதீங்க என்று அரசாங்கம் சொன்னது நல்லதுக்குத்தான். ஆனால் நாற்பது வருஷமாகத் தானே மார்க்கெட் போய்வந்த மனுஷன், ஒரு கட்டுக் கீரைக்கும் அடுத்த வீட்டு வாசலைப் பார்த்து நிற்க வேண்டியிருந்தது. கொரோனாவை விட அதுதான் அவரை அரித்தது.

கடைசியில் நானே அந்தத் தம்பிக்கு வாட்ஸப்பில் சீட்டை அனுப்பி, ஜீபேயில் பணமும் போட்டேன். அப்பா ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாத்திரை மட்டும் முழுசாக உள்ளே போனது.

மே 4 மீனாட்சி கல்யாணம், கோயிலுக்குள் பட்டர்கள் மட்டும். அம்மா நேரலையைப் பார்த்துக்கொண்டே வீட்டில் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டாள். அந்த வருஷம் அழகரும் ஆற்றில் இறங்கவில்லை. "அவரே வரல, நான் எங்க போறது" என்று அன்றைக்குத்தான் அப்பா கொஞ்சம் சிரித்தார்.

ஆச்சி பேரன்:
உங்க அப்பாவுக்குக் கூச்சம். எங்க ஆச்சிக்கு அதெல்லாம் கிடையாது. தென்காசிப் பக்கம் கிராமம், காலமெல்லாம் பீடி சுற்றின கை. முதியோர் பென்ஷன் 1000 ரூபாயை எடுக்க பேங்குக்குப் போக பஸ் இல்லை. தபால்காரரே கைரேகை மிஷினோடு வாசலுக்கு வந்தார். பெருவிரல் ரேகை விழவில்லை. சானிடைசர் போட்டதில் தோல் இன்னும் வறண்டதுதான் மிச்சம். ஆச்சி உள்ளே போய் சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்து ஒவ்வொரு விரலாக வைத்தாள். மோதிர விரலுக்குக் காசு வந்தது.

அப்புறம் அவரை விட்டாளா? "ஐயா, காப்பி குடிச்சிட்டுத்தான் போணும்." மாஸ்க்கைக் கழற்றவும் முடியாமல், மறுக்கவும் முடியாமல் அவர் நெளிந்தது இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது. ஏன் ஆச்சி படுத்துறே என்றேன். "இந்த வாரம் நம்ம படி ஏறுனவன் அவன் ஒருத்தன்தாம்ல" என்றாள்.

முதல் மாடி:
எங்க அம்மா சென்னையில் ஒயர் கூடையில் கயிறு கட்டி இறக்கித்தான் காய் வாங்கினாங்க. கோயம்பேட்டை மூடி விலை ஏறின மே மாசத்தில் பேரமும் பால்கனியிலிருந்தே. படியலைன்னா கூடை பாதியில் தொங்கும், வண்டிக்காரர் "இறக்கும்மா, இறக்கும்மா"ன்னு கத்துவார். கொசுறுக் கருவேப்பிலை விழுந்தாத்தான் கூடை மேலே ஏறும்.