ஜியாமெட்ரி சொல்லிக்குடுக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது? பழைய லேப்டாப், நெட்டும் சரியா வராது

அல்சூர் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். அல்சூர்ல எங்க வீட்டு மாடில சாயங்காலம் எட்டு, ஒன்பது, பத்தாம் கிளாஸ் பசங்களுக்கு டியூஷன் எடுக்கறேன். பாதி பேருக்கு வீட்ல தமிழ், ஸ்கூல்ல கன்னடமும் இங்கிலீஷும், அதனால எதையும் படமா காட்டினா தான் டக்குனு புடிச்சிக்கறாங்க. ஆர்த்தோசென்டர், அதாவது மூணு மூலைல இருந்தும் எதிர்ப்பக்கத்துக்குப் போடற செங்குத்துக் கோடுகள் சந்திக்கற புள்ளி, எங்க இருக்கும்னு கேட்டா எல்லாரும் முக்கோணத்துக்கு உள்ளனு சொல்றாங்க, விரிகோண முக்கோணத்துல வெளில போயிடும்னு சொன்னா அதயும் மனப்பாடம் பண்ணிக்கறாங்களே தவிர ஏன்னு புரிய மாட்டேங்குது. பவர்பாயின்ட்ல வரைஞ்சு காட்டறேன், ஆனா ஒரு மூலைய நகர்த்தினா மத்த கோடெல்லாம் நின்ன இடத்துலயே நிக்குது, திரும்ப முதல்ல இருந்து வரையணும். லேப்டாப் பழசு, 4 ஜிபி ராம், வைஃபை அப்பப்போ போயிடும். காசு குடுத்து வாங்கற நிலைமையும் இல்ல. எது போடலாம்?

மாரத்தஹள்ளி மணி

அக்கா, யோசிக்கவே வேணாம், ஜியோஜீப்ரா போடுங்க. ஆஸ்திரியால மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர்னு ஒருத்தர் சால்ஸ்பர்க் யூனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் பண்றப்போ ஆரம்பிச்சது, சொல்லிக்குடுக்கறதுக்கு ஃப்ரீ. ஊர்ல தமிழ்நாட்டு பாடப்புத்தகத்துலயே ஐசிடி கார்னர்னு போட்டு க்யூஆர் கோடு குடுத்திருப்பாங்க பாருங்க, அதுல நிறைய இதோட படம் தான். உங்க மெஷினுக்கு அதோட கிளாசிக் 5 வெர்ஷன டவுன்லோடு பண்ணிக்கோங்க, ஒருதடவை இன்ஸ்டால் பண்ணிட்டா நெட் தேவையில்ல.

பவர்பாயின்ட்ல உங்க படம் ஏன் கலையுதுனா அதுக்கு கோடு கோடா தான் தெரியும், இந்த கோடு அந்த பக்கத்துக்கு செங்குத்துனு தெரியாது. இதுல நீங்க கோடு போடறதில்ல, உறவ சொல்றீங்க. பாலிகன் டூல்ல ஏ, பி, சி வைங்க. பர்ப்பெண்டிகுலர் லைன் எடுத்து ஏ-வயும் பிசி பக்கத்தயும் கிளிக் பண்ணுங்க, அதே மாதிரி பி-ல இருந்து ஏசி-க்கு. ரெண்டும் வெட்டற இடம் ஆர்த்தோசென்டர், ஹெச்னு பேர் வைங்க. இப்ப ஏ-வ புடிச்சு மெதுவா பக்கவாட்டுல இழுங்க, பி-ல கோணம் பெருசாகிட்டே போகும், சரியா 90 ஆகறப்போ ஹெச் வந்து பி மேலயே உக்காரும், அதத் தாண்டினா வெளில. அந்த 90 கிட்ட நிறுத்தி, அடுத்து எங்க போகும்னு பசங்கள சொல்ல வைங்க, அப்புறம் இழுங்க.

அதோட விடாதீங்க. பிசி-க்கு இணையா ஒரு கோடு போட்டு ஏ அது மேலயே ஓடற மாதிரி வெச்சு, லோகஸ் டூல்ல (ஒரு புள்ளி நகர்றப்போ இன்னொண்ணு போற பாதைய வரையறது) ஹெச், ஏ ரெண்டயும் கிளிக் பண்ணுங்க. ஒரு பரபோலா வரும்! முக்கோணத்துல இருந்து பரபோலா எப்படி வந்துச்சுனு பத்தாம் கிளாஸ் பசங்க கண்டிப்பா கேப்பாங்க, பி-ய (0,0)-ல வெச்சு கோஆர்டினேட்ல போட்டா ரெண்டு வரில வந்துடும். ஏ-வ பிசி வழியா போற சுற்றுவட்டத்து மேல ஓட விட்டா ஹெச்சும் அதே அளவு வட்டம் ஒண்ண போடும்.

உபுண்டு உமா

மணி சொன்னதே போதும், ஆனா லேப்டாப்ல லினக்ஸ் இருந்தா கிக்னு ஒண்ணு இருக்கு, லினக்ஸுக்கு டெஸ்க்டாப் செய்யற கேடிஈ ஆளுங்களோடது, ரொம்ப லைட். லோகஸ், மேக்ரோ எல்லாம் உண்டு.

3டி-க்கு என் பங்குக்கு ஒண்ணு. மெஷ்லேப்னு 3டி உருவத்த திறந்து பாக்கற சாஃப்ட்வேர் இறக்கிக்கோங்க, அதுவும் ஃப்ரீ. சாதா நோட்பேட்ல ஓஎஃப்எஃப்னு ஒரு 3டி உருவத்தோட ஃபைல் எழுதி அதுல திறக்கலாம். முதல் வரில ஓஎஃப்எஃப்னு இங்கிலீஷ்ல, அடுத்த வரில கனசதுரத்துக்கு 8 6 12, அதாவது எட்டு மூலை, ஆறு முகம், பன்னெண்டு விளிம்பு. கீழ எட்டு மூலையோட கோஆர்டினேட், அதுக்கும் கீழ ஒவ்வொரு முகத்துலயும் முதல்ல எத்தனை மூலை, அப்புறம் எந்தெந்த மூலைனு, மூலைக்கு நம்பர் 0-ல இருந்து. அவ்ளோதான், திறந்தா சுத்திப் பாக்கலாம். இத பசங்க கையால டைப் பண்ணணும்ங்கறது என் ஆசை, ஏன்னா 8 − 12 + 6 = 2னு வர்றது பிரமிடு, ப்ரிஸம்னு எத எழுதினாலும் வருதேனு அவங்களே கேக்க ஆரம்பிச்சிடுவாங்க. இந்த ஃபார்மேட்ட எல்லாருக்கும் பழக்கினது மினசோட்டா யூனிவர்சிட்டி ஜியாமெட்ரி சென்டர்ல செஞ்ச ஜியோம்வியூங்கற 3டி சாஃப்ட்வேர். அந்த சென்டர் 1998-ல மூடிட்டாங்க, ஆனா ஜியோம்வியூ இன்னும் கிடைக்குது, நாலு பரிமாண கனசதுரம் கூட சுத்திப் பாக்கலாம், லினக்ஸ்காரங்க கட்டாயம் போட்டுப் பாருங்க.

ஜாலஹள்ளி சார்

நானும் வாத்தியார் தாம்மா, ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும். இழுத்துப் பாத்து எப்பவும் சரியா வருதுனா அது நிரூபணம் ஆகாது. ஜியோஜீப்ரா ரெண்டு டெசிமல் தான் காட்டும், 89.998 இருந்தாலும் 90னு தான் தெரியும். ரவுண்டிங்னு இருக்கற செட்டிங்ல 15 டெசிமல் வெச்சுக் காட்டுங்க, அப்புறம் பேப்பர் எடுக்கச் சொல்லுங்க.

நான் எப்பவும் செய்யறது இது: ஏதோ ஒரு கோணல்மாணலான நாற்கரம், நாலு பக்கத்தோட நடுப்புள்ளிய சேக்கச் சொல்வேன். இணைகரம் வரும். ஒரு மூலைய உள்ளுக்குத் தள்ளினாலும் இணைகரம், பக்கங்கள் ஒண்ண ஒண்ணு வெட்டினாலும் இணைகரம். பசங்க அத உடைக்கப் பாப்பாங்க, உடையாது. அந்த நேரத்துல ஒரு டயகனல் மட்டும் போடச் சொல்லுங்க. ரெண்டு முக்கோணம், ரெண்டுலயும் மிட்பாயின்ட் தியரம், எதிரெதிர் பக்கம் ரெண்டும் அந்த டயகனலுக்கு இணை, அதுல பாதி நீளம். முடிஞ்சது. இது புத்தகப் பயிற்சிலயே இருக்கு, ஆனா இழுத்துப் பாத்தவனுக்கு தான் ஏன்னு தெரிஞ்சுக்கற பசி வரும். காம்பஸ், ஸ்கேல விட்டுடாதீங்க, பரீட்சைல மவுஸ் கிடையாது.

அல்சூர் டீச்சர்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும், கிளாசிக் 5 போட்டாச்சு, நல்லாவே ஓடுது, ஆர்த்தோசென்டர் வெளில போனப்போ பசங்க போட்ட சத்தம் கீழ் வீடு வரைக்கும் கேட்டுச்சு. ரெண்டு டவுட். ஆங்கிள் டூல்ல 60னு காட்டினது மூலைய அந்தப் பக்கம் இழுத்ததும் 300 ஆயிடுது, ஏன்? அப்புறம் ரெண்டு வட்டத்த தள்ளி வெச்சா வெட்டுற புள்ளி, அத வெச்சுப் போட்ட கோடு எல்லாமே காணாம போகுது, புள்ளி எங்க மிஸ்னு ஒரு பொண்ணு கேட்டா.

மாரத்தஹள்ளி மணி

முதல்தது சுலபம் அக்கா, அது கடிகாரத்துக்கு எதிர்த் திசைல தான் கோணத்த அளக்கும். அந்த கோணத்து மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், 0-ல இருந்து 180 வரைக்கும்னு மாத்திடுங்க.

ரெண்டாவது சூப்பரான கேள்வி, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. வட்டம் ரெண்டும் பிரிஞ்சதும் சமன்பாட்டுல ரூட்டுக்குள்ள மைனஸ் வந்துடுது, புள்ளி இருக்கு, ஆனா காம்ப்ளெக்ஸ் நம்பர்ல (மைனஸுக்கும் ரூட் எடுக்க விடற நம்பர்) இருக்கு, ஸ்கிரீன்ல வரைய முடியாது. ரிக்டர்-கெபர்ட், கோர்ட்டன்காம்ப்னு ரெண்டு ஜெர்மன் கணக்கு ஆளுங்க செஞ்ச சிண்டரெல்லாங்கற ஜியாமெட்ரி சாஃப்ட்வேர்ல உள்ளுக்குள்ள எல்லா கணக்கும் காம்ப்ளெக்ஸ் நம்பர்லயே ஓடும், அதனால அந்த காணாம போன ரெண்டு புள்ளிய சேத்து கோடு போட்டிருந்தா வட்டம் பிரிஞ்சப்புறமும் அந்த கோடு அங்கயே நிக்கும். அதோட பிரவுசர் வெர்ஷன் சிண்டிஜேஎஸ், ஓப்பன் சோர்ஸ். நெட் வர்ற அன்னிக்கு அந்தப் பொண்ணுக்கு போட்டுக் காட்டுங்க.