வீடியோ கால்னதும் பாதிப் பேரு ஓடிப்போறாங்க, சிகரெட் நிறுத்துற குரூப்ல கூச்சக்காரங்கள போகாம எப்படி நிக்க வைக்கது?

மார்த்தாண்டம்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க மூணு பேரு சேந்து சிகரெட், பீடி நிறுத்தணும்னு நெனைக்கவங்களுக்காக ஆன்லைன்ல ஒரு குரூப் நடத்துகோம். ஆறு வாரம், காசு கெடையாது, தினமும் வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ், ஞாயித்துக்கெழம ராத்திரி ஒரு வீடியோ கால், அவ்வளவுதான். நாகர்கோவில், தக்கலை, குளச்சல் பக்கம் இருந்தெல்லாம் ஆளு சேருது. ஆனா மொதல் வீடியோ கால் முடிஞ்ச ரெண்டு நாள்ல பாதிப் பேரு சத்தமில்லாம லெஃப்ட் ஆயிருகாங்க. நிறுத்த மனசில்லாதவங்கன்னுதான் இவ்வளவு நாளும் நெனச்சிட்டிருந்தோம். போன மாசம் ஒரு பையன், குரூப்ப விட்டுப் போய் ஒரு வாரம் கழிச்சு ராத்திரி ஒண்ணரை மணிக்கு தனியா மெசேஜ் போட்டிருந்தான், "அண்ணா நான் இப்பவும் வலிக்கல, ஒம்பது நாளாச்சு, எல்லாரும் பாக்க பேச முடியல அதான் போயிட்டேன், தப்பா நெனைக்காண்டாம்"னு. அத வாசிச்ச பெறவு எனக்கு ஒறக்கமே வரல. இப்படி எத்தன பேர நாமளே வெரட்டிருப்போம்? கூச்சம், ஆளுகளக் கண்டா பதட்டம் உள்ளவங்க கடைசி வரைக்கும் நிக்கணும்னா எத மாத்தணும், அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கருங்கல்_மழை:
அண்ணே நான் அந்தப் பையன் மாதிரிதான், அதான் எழுதுகேன். நான் சிகரெட் படிச்சதே கல்யாண வீட்டுலதான். பந்தல்ல இருந்தா சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து என்ன வேல, எவ்வளவு சம்பளம், எப்பம் கல்யாணம்னு கேப்பாங்க, எனக்கு கையெல்லாம் வேர்த்துரும், அப்பம் பந்தலுக்குப் பின்னால சமையல்காரங்க நிக்கிற எடத்துல போயி ஒண்ணு பத்த வச்சா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, கைக்கும் ஒரு வேல இருக்கும், பேசாம நிக்கதுக்கு ஒரு காரணமும் ஆச்சு. அதனால எனக்கு சிகரெட்ட விடுகதுன்னா அந்த மறைவையும் சேத்து விடுகதுதான், இது நடத்துகவங்களுக்கு மொதல்ல வெளங்கணும்.

நானும் முன்ன ஒரு ஆன்லைன் குரூப்ல சேந்தேன். ஒவ்வொருத்தரா பேரு சொல்லி ஒரு நாளைக்கு எத்தனன்னு சொல்லணும். ஸ்க்ரீன்ல எனக்கு முன்னால அஞ்சு பேரு, நான் சொல்ல வேண்டியத பேப்பர்ல எழுதி வச்சிருந்தேன், நாலு, மூணுன்னு எண்ணிட்டே இருக்கேன், மத்தவங்க சொன்னது ஒண்ணும் காதுல ஏறல. என் முறை வந்ததும் நெட் போயிட்டுன்னு கட் பண்ணிட்டேன். அன்னைக்கு ராத்திரி மொட்டமாடில ரெண்டு வலிச்சேன்.

பெறவு ரெண்டாவது தடவை சேந்த எடத்துல பேரு வேண்டாம், ராத்திரி ஒரு நம்பர் மட்டும் அனுப்பணும், அன்னைக்கு எத்தன வலிச்சேன்னு. 11, 8, 9, 3. அத நடத்துகவரு மட்டும் பாப்பாரு, ஒரு வரி பதில் போடுவாரு. குரூப்ல மூணு வாரம் நான் ஒரு எழுத்து எழுதல ஆனா மத்தவங்க எழுதுனத ஒண்ணு விடாம வாசிச்சேன். தயவு செஞ்சு பேசாதவன கணக்குல இல்லாதவனா நெனைக்காதீங்க. இன்னொண்ணு, யாராவது தவறி ஒண்ணு வலிச்சிட்டா அத குரூப்ல சொல்ல வைக்காதீங்க, எல்லாரும் ஆறுதல் சொன்னாலும் எங்களுக்கு அது ஊரு முன்னால நிக்க மாதிரிதான்.

குழித்துறை_நர்ஸ்:
மேல தம்பி சொன்ன மறைவு விஷயம் ரொம்ப சரி. அதுக்கு மேல ஒடம்புக்குள்ள நடக்கதும் இவங்களுக்குத் தெரியணும். சிகரெட்டுல உள்ள நிக்கோட்டின் ஒடம்புல கொறையும்போதே வெப்ராளம், அதாவது பதட்டம், எரிச்சல் வரும், ஒண்ணு வலிச்சதும் அது அடங்கும், ஆளு என்ன நெனைக்கும்னா சிகரெட்டுதான் பதட்டத்துக்கு மருந்துன்னு. நிறுத்துன மொதல் மூணு நாளுதான் கூடுதல் கஷ்டம், பெறவு சில வாரத்துல தணியும். 2014-ல பிஎம்ஜேங்க மருத்துவ இதழ்ல 26 ஆய்வுகள சேத்துப் பாத்து எழுதியிருந்தாங்க, நிறுத்துனவங்களுக்கு பதட்டமும் மனச்சோர்வும் கொறஞ்சிருந்துது. அதனால வீடியோ கால கண்டிப்பா அந்த மொதல் வாரத்துல வைக்காதீங்க, அதுதான் அவங்களுக்கு ரொம்ப மோசமான நேரம்.

சாயா (டீ) விஷயமும் சொல்லுங்க. புகை ஒடம்புல காபீன சீக்கிரம் கழிச்சு விடும், நிறுத்துனா அதே நாலு சாயா கூடுதலா ஏறும், கை நடுக்கமும் ஒறக்கமின்மையும் வரும், கூச்சக்காரங்க அத தன்னோட பயம்னு நெனச்சிருவாங்க. பாதியா கொறைக்கச் சொல்லுங்க. நிக்கோட்டின் கம் எடுத்தா சூயிங் கம் மாதிரி மெல்லப்பிடாது, கொஞ்சம் மென்னு வாயி சுர்ருன்னதும் கன்னத்துல ஒதுக்கி வைக்கணும். எவ்வளவு எடுக்கணும்னு டாக்டர்ட்ட கேக்கட்டு.

ஆளு முகம் பாக்காம செய்யதுக்கும் வழி இருக்கு. அமெரிக்காவுல ஐகேன்குவிட்னு ஒரு ஆப்ப 2,415 பேர்ல சோதிச்சு 2020-ல வெளியிட்டாங்க, ஆசை வந்தா அதோட மல்லுக்கட்டாம வந்துட்டு போகட்டும்னு விடப் பழக்குகது, ஒரு வருஷம் கழிச்சு 28 சதவீதம் பேரு நிறுத்தியிருந்தாங்க, வழக்கமான ஆப்ல 21. நம்ம நாட்டுல புகையிலய நிறுத்த உதவுக போன் நம்பர் 1800-11-2356, சிகரெட் பாக்கெட்டுலயே போட்டிருக்கும், தமிழ்ல பேசலாம். ஆளுகளக் கண்டு பயம் ரொம்ப கூடுதலா இருந்து வேல, படிப்பு கெடுதுன்னா அதுக்கு தனியா உதவி வேணும், 14416, டெலிமானஸ்னு அரசோட மனநல உதவி நம்பர், கூப்புடச் சொல்லுங்க.

குளச்சல்_அலை:
நான் கொஞ்சம் மாத்திச் சொல்லுகேன், கோவப்படாண்டாம். 22 வருஷம் பீடி வலிச்சவன், என்ன நிறுத்துனது நாலு பேருட்ட வாய் தொறந்து சொன்னதுதான். எல்லாத்தையும் ஒளிச்சு வச்சா கல்யாணத்துக்கும் ஊர்த் திருநாளுக்கும் போகும்போது என்ன செய்வாங்க? ஆளுக இருக்க எடத்துலதானே கை தேடுது.

கருங்கல்_மழை:
அண்ணே நீங்க சொல்லுகதும் உண்ம, ஆனா மொத நாளே ஆழத்துல தள்ளி நீச்சல் படிக்கச் சொன்னா நாங்க கரையேறி ஓடிருவோம். எனக்கு நாலாவது வாரம் அந்த ரெண்டாவது குரூப் நடத்துகவரு கேட்டாரு, ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகியான்னு, எனக்கு மட்டும்னு சொன்னாரு, இருபது செகண்ட் பேசுனேன். அதுக்குப் பெறவு ஒருத்தரோட போன்ல பேசுனேன். போன திருநாளுக்கு பந்தல்லயே இருந்தேன், கையில தண்ணி பாட்டில் வச்சிக்கிட்டேன், வெப்ராளம் ஏறுனா அஞ்சு நிமிஷம் வெளிய போயி மூச்சு விட்டுட்டு வருவேன், வெளிய போறதுக்கு சிகரெட் வேணும்னு இல்லியே.

மார்த்தாண்டம்காரன்:
தம்பி, சிஸ்டர், அண்ணே, மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. இப்பம்தான் மத்த ரெண்டு பேருட்டயும் பேசிட்டு வாறேன். ஒவ்வொருத்தரா பேசுக அறிமுகத்த எடுத்தாச்சு. வீடியோ கால் நாலாவது வாரத்துல இருந்து, விருப்பம் உள்ளவங்களுக்கு மட்டும், கேமரா ஆஃப்ல கேட்டுட்டு இருந்தாலும் போதும். ராத்திரி நம்பர் தனியா எனக்கு வரும், நானே பதில் போடுவேன். அந்தப் பையனுக்கும் மெசேஜ் போட்டேன், "ஒண்ணும் பேசாண்டாம் மக்கா, நம்பர் மட்டும் அனுப்பு"ன்னு. இப்பம் பதில் வந்துது. 0.