மறுமொழி: ‘வாழ்காலம்’ வேண்டாம், ‘தவணை’ போதுமே

வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலில் ‘டிடிஎல்’ (TTL, ‘time to live’) என்ற இணையச் சொல்லுக்குத் தமிழ் தேடும் மடலுக்கு இது பதில். அந்த மடலில் இருந்தது:

> டிடிஎல் என்பதற்கு ‘வாழ்காலம்’ என்றே வைக்கலாம். மூலச் சொல்லோடு அப்படியே பொருந்துகிறது.

அப்படியே பொருந்துவதுதான் எனக்குச் சிக்கல்.

ஓர் ஆள்களப் பெயரை, அதாவது இணையத்தளத்தின் பெயரை, தேடும்போது, கையில் பிரதி எதுவும் இல்லாவிட்டால், இணையச் சேவை தருபவரின் கணினி முதலில் மூல வழங்கியிடம் (root server) கேட்கிறது, பிறகு இலங்கைப் பெயர்களுக்கான ‘.எல்கே’ வழங்கியிடம், கடைசியில் அந்தப் பெயருக்குப் பொறுப்பான வழங்கியிடம். கிடைத்த எண் முகவரியை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதைப் பொறுப்பான வழங்கியே பதிலோடு சொல்லியனுப்புகிறது. அந்த நேரம்தான் டிடிஎல். இந்தப் பெயர் முறையை வடிவமைத்த பால் மொக்கபெட்ரிஸ் 1987இல் எழுதிய வரையறையில் அது செக்கன் கணக்கில் இருக்கிறது. நேரம் முடிந்தால் காலாவதியாவது பிரதி மட்டுமே. ‘வாழ்காலம்’ என்றால் மூலப் பதிவே செத்துப்போகும் என்று வாசிப்பவர் பயந்துவிடுவார்.

சென்ற மாதம் வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையின் தளத்தைப் புதிய வழங்கிக்கு மாற்றினேன். டிடிஎல் 86400, அதாவது முழுதாக ஒரு நாள். மாற்றும் நாள் காலையில்தான் அதை 300 ஆகக் குறைத்தேன். மடத்தனம். முதல் நாளே குறைத்திருக்க வேண்டும். முன்னரே பிரதி எடுத்த கணினிகள் எல்லாம் பழைய கணக்கு முடியும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

“தம்பி, யாழ்ப்பாணத்தில் மைத்துனருக்குப் புதியது தெரிகிறதாம், கடைக்குள் இருக்கிற எனக்குப் பழையது” என்று முதலாளி மாலைவரை அழைத்தபடி இருந்தார். “இன்னும் பரவவில்லை ஐயா” என்று சொல்லிச் சமாளித்தேன். எங்கே பரவுகிறது? ஒவ்வொரு பிரதியும் தன் நேரம் முடிந்ததும் காலாவதியாகிறது, அடுத்த முறை யாராவது தேடும்போது அந்தக் கணினி புதிதாகக் கேட்கிறது. “பழைய பிரதிக்கு இன்னும் தவணை இருக்கிறது” என்றிருந்தால், வழக்குத் தவணைக்குப் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போய்வருகிற மனிதருக்கு உடனே விளங்கியிருக்கும்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்குத் தவணை என்றதும் கடன் கட்டுவது நினைவுக்கு வரலாம். இங்கே பள்ளிக்கூடத்துக்கும் தவணைதான், வழக்குக்கும் தவணைதான். குறித்த காலம் என்ற பொருள் இரு கரையிலும் உண்டு. குழப்பமென்றால் ‘பிரதித் தவணை’ என்று நீட்டிக்கொள்ளலாம். ‘கெடு’ இன்னும் சுருக்கம், ஆனால் திரையில் ‘கெடு: 300’ என்று கண்டால் ஏதோ பழுதென்று தொலைபேசியை எடுத்துவிடுவார்கள்.

நான் முதலாளியிடம் சொன்ன அந்தப் ‘பரவல்’ (propagation) என்ற பதிவைப் பட்டியலிலிருந்தே நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நொடியா செக்கனா என்ற சண்டையை வேறு மடலில் வைத்துக்கொள்வோம்.