பழைய வெள்ளி ரூபாய் சேர்ப்பது சேமிப்பாகுமா?

காசுப்பெட்டி எழுதியது:
பாட்டியின் சுருக்குப்பையில் வெள்ளைக்காரர் காலத்து வெள்ளி ரூபாய் 11 இருந்தது. எட்டில் ஜார்ஜ் ராஜா தலை, மூன்றில் எட்வர்ட் ராஜா தலை. அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசை பிடித்தது. நான்கு வருடமாக மாதம் ஒன்றோ இரண்டோ வாங்கி, இப்போது 71 ஆகிவிட்டது. சம்பளத்தில் பெரிதாக மிச்சம் பிடிக்க முடியாதவர்களுக்கு இது நல்ல சேமிப்பு என்பது என் கட்சி. 1835 முதல் 1939 வரை அடித்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. ஒரு காசுக்குள் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை. நூறு வருடச் சரித்திரமும் கூடவே கைக்கு வருகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:
தம்பி, சேலத்தில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. உருக்க வரும் பழைய ரூபாயைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். செய்கூலி இல்லைதான். ஆனால் வாங்கும்போது வெள்ளி விலைக்கு மேல் கொடுத்துத்தானே வாங்கினீர்கள்? விற்கப் போனால் அது பழைய வெள்ளி. மாற்று, அதாவது வெள்ளியின் சுத்தம், குறைவென்று காட்டிக் கொஞ்சம் குறைப்பார்கள். கைமாறித் தேய்ந்த காசு 11.66 நிற்காது, 11.4 நின்றாலே பெரிது. வாங்கும்போதும் நஷ்டம், விற்கும்போதும் நஷ்டம்.

இன்னொன்று. எங்கள் உறவில் ஒருவர் மகள் கல்யாணத்துக்கென்று 50 வெள்ளி ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். உருக்கக் கொண்டுவந்தபோது பிரித்துப் பார்த்தால் 18 காசு 1940-க்குப் பிறகு அடித்தவை. போர்க்காலத்தில், 1940 முதல் 1945 வரை, ரூபாயில் வெள்ளியைப் பாதியாக்கிவிட்டார்கள். எடை அதே 11.66, உள்ளே வெள்ளி 5.83 கிராம்தான். 534 கிராம் இருக்கும் என்று நம்பி வந்தவருக்கு 447 கிராம் கணக்குத்தான் வந்தது. அவர் முகம் இன்னும் மறக்கவில்லை. சேமிப்பென்றால் வெள்ளிக்கட்டி வாங்குங்கள். அதில் இந்தக் குழப்பமே கிடையாது.

காசுப்பெட்டி எழுதியது:
அண்ணா, நான் வருடம் பார்க்காமல் வாங்குவதில்லை. தராசும் காந்தமும் கையோடு கொண்டுபோகிறேன். 1946, 47 ரூபாய் சுத்த நிக்கல், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். பாதி வெள்ளிக் காசுக்குப் பாதி வெள்ளி விலைதான் தருவேன், இல்லையென்றால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுவேன். உங்கள் உறவினருக்கு நடந்தது விவரம் தெரியாததால் வந்த நஷ்டம். அதற்குக் காசு என்ன செய்யும்?

வைகைக்கரை எழுதியது:
நானும் 15 வருடமாகச் சேர்க்கிறேன். ஆனால் முதலீடு என்ற பேச்சில் காசுப்பெட்டியோடு ஒத்துப்போக முடியவில்லை. வெள்ளி 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரைத் தொட்டது, இரண்டே மாதத்தில் 11 டாலருக்கு விழுந்தது. 2011-இல் மறுபடி 50 டாலர் பக்கம் போய், 2015 கடைசியில் 14-க்கு வந்தது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை நம்பி வைக்கும் பணத்தை இதில் போடலாமா? விலை ஏறும்போதுதான் எல்லோருக்கும் இந்த ஆசை வருகிறது.

ஆனால் செவ்வாய்ப்பேட்டை அண்ணன் கட்டி வாங்கச் சொல்வதையும் என்னால் ஏற்க முடியாது. கட்டியில் என்ன இருக்கிறது? முதல் உலகப் போரில் இங்கே வெள்ளிக்கு அப்படியொரு தட்டுப்பாடு. 1917-இல் ஒரு ரூபாய் நோட்டே அதனால்தான் வந்தது. அடுத்த வருடம் அமெரிக்கா சட்டம் போட்டுத் தன் வெள்ளி டாலர்களைக் கோடிக்கணக்கில் உருக்கிப் பிரிட்டனுக்கு விற்றது, அந்த வெள்ளி இந்திய ரூபாய் அடிக்க வந்தது. உங்களிடம் 1919, 1920 ரூபாய் இருந்தால் எடுத்துப் பாருங்கள், அதற்குள் எந்த ஊர் டாலரோ கரைந்திருக்கலாம். எனக்கு இதற்காகத்தான் காசு வேண்டும்.

அப்புறம், தயவுசெய்து யாரும் புளி, விபூதி போட்டுத் தேய்க்காதீர்கள். கருத்திருப்பது அழுக்கு இல்லை. தேய்த்துப் பளபளப்பாக்கிய காசைச் சேகரிப்பவர்கள் தொட மாட்டார்கள், பிறகு அது வெறும் உலோக விலைக்குத்தான் போகும்.

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:
தங்கச்சி சொல்வது சரி, கட்டியில் கதை கிடையாது. ஆனால் ஜார்ஜ் காசு கோடிக்கணக்கில் அடித்தார்கள். கதைக்கு நாலு காசு போதுமே, எழுபது எதற்கு? 1911 காசு வந்தால் மட்டும் நானே உருக்க விடமாட்டேன். ராஜாவின் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து, திரும்பப் பெற்று, அடுத்த வருடம் உருவத்தைத் திருத்தி அடித்தார்கள். அதற்குக் கூடுதல் விலை உண்டு.

புதுவரவு எழுதியது:
விக்டோரியா 1862 ரூபாய் லட்சக்கணக்கில் போகும், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நம்பலாமா? என் அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார். அவருக்கும் இரண்டு காசு கொடுத்தனுப்ப ஆசை.

வைகைக்கரை எழுதியது:
ஒரு பைசா கட்டாதீர்கள். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியே இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று அந்த வங்கியே 2021-இல் எச்சரித்தது. 1862 என்ற வருடத்தையே 1874 வரை போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள், அபூர்வமே இல்லை. அபூர்வம் 1939 ரூபாய்தான். அதனாலேயே அதில் போலி அதிகம்.

சிங்கப்பூருக்கு அனுப்பாதீர்கள். 1972 சட்டப்படி நூறு வருடம் தாண்டிய காசு தொல்பொருள், தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. விக்டோரியா, எட்வர்ட் எல்லாமே அதில் அடங்கும். ஜார்ஜ் காசிலும் நூறு வருடம் தாண்டியதெல்லாம் அதில் சேரும். அண்ணன் ஊருக்கு வரும்போது கையில் வைத்துப் பார்க்கட்டும்.

காசுப்பெட்டி எழுதியது:
செவ்வாய்ப்பேட்டை அண்ணன் சொன்னது மனதில் நின்றதால், நேற்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் போட்டேன். 71 காசுக்கு 827.9 கிராம் வரவேண்டும், 818 காட்டியது. ஒவ்வொன்றாக வாங்கியபோது தெரியாத தேய்மானம், மொத்தத்தில் கிட்டத்தட்ட ஒரு காசு எடை. விலைக்கு மேல் கொடுத்ததையும் நோட்டில் எழுதிக் கூட்டினேன், அது நான் நினைத்ததைவிட அதிகம். சேமிப்புக்கென்று இனி மாதம் தபால் நிலையத்தில் கட்டப் போகிறேன். காசு வாங்குவதை நிறுத்தவில்லை, 1920 ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.