ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ‘மான்ஸ்டர் ஹவுஸ்’ காட்டலாமா?

கேள்வி: இரு பிள்ளைகளின் அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஆறு. பள்ளி நண்பர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு, பேய்வீட்டைப் பற்றிய படம் ஒன்றைப் பார்த்தே தீர வேண்டும் என்று மகன் சில வாரங்களாக நச்சரித்துக்கொண்டிருக்கிறான். பேய்ப்படமே கூடாது என்று தடுத்துவிடும் எண்ணம் எனக்கு இல்லை. நான் மறுத்தால், பெரியவர்களுக்காக எடுக்கப்பட்ட படங்களின் துண்டுக் காட்சிகளை யாருடைய கைப்பேசியிலாவது அவன் தனியாகப் பார்த்துவிடுவான் என்பதுதான் என் கவலை. அதைவிட, பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க, நல்ல படம் ஒன்றின் வழியாக அவன் பயத்தைப் பழகிக்கொள்வது மேல் என்று நினைக்கிறேன்.

‘மான்ஸ்டர் ஹவுஸ்’ என்ற அனிமேஷன் படத்தைச் சிலர் பரிந்துரைத்தார்கள். படத்தைப் பார்த்தவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான்: பிள்ளைகள் உண்மையிலேயே பயப்படக்கூடிய காட்சிகள் எவை? அந்தப் பயத்தைப் படம் முடிவதற்குள் தீர்த்து வைக்கிறதா, அல்லது அப்படியே விட்டுவிடுகிறதா? சின்னவளையும் உடன் உட்கார வைக்கலாமா? கதையின் முடிவைச் சொல்லிவிடுவோமே என்று யாரும் தயங்க வேண்டாம். எனக்கு விவரம்தான் வேண்டும்.

பதில் 1: திரை வாசகர்

வணக்கம் சகோதரி. உங்கள் மகனுக்குத் தாராளமாகக் காட்டலாம். மகளுக்கு இன்னும் ஓரிரு ஆண்டுகள் பொறுத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. முடிவைச் சொல்லலாம் என்று நீங்களே அனுமதித்திருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2006ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த இப்படத்தின் இயக்குநர் கில் கெனான்; இதுதான் அவருடைய முதல் முழுநீளப் படம். ராபர்ட் ஜெமக்கிஸும் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் நிர்வாகத் தயாரிப்பாளர்கள். பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கத்தக்கது என்ற ‘பி.ஜி.’ தரச்சான்று அமெரிக்காவில் வழங்கப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும். அமெரிக்கப் புறநகர்த் தெரு ஒன்றில், பிள்ளைகள் பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீனுக்கு முந்தைய நாள் தொடங்கும் கதை, ஹாலோவீன் இரவில் முடிந்துவிடுகிறது.

டி.ஜே. என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் எதிர்வீட்டைத் தொலைநோக்கியால் கவனித்துக்கொண்டே இருக்கிறான். அங்கே வாழும் நெபர்கிராக்கர் என்ற கிழவர், தம் புல்வெளியில் கால் வைக்கும் எந்தப் பிள்ளையையும் கத்தி விரட்டுவார். அங்கே வந்து விழும் பொருள் எதுவானாலும் பிடுங்கிக்கொள்வார். நண்பன் சௌடரின் கூடைப்பந்து அங்கே உருண்டுவிட, அதை எடுக்கப்போன டி.ஜே.யைப் பிடித்து உலுக்கும்போதே கிழவர் மயங்கிச் சாய்கிறார், ஆம்புலன்ஸ் வந்து அவரைக் கொண்டு போகிறது. ஒரு மனிதரைத் தானே கொன்றுவிட்டோம் என்று அந்தச் சிறுவன் நம்பிவிடுகிறான். பேய் எதுவும் வருவதற்கு முன்னாலேயே படத்தில் இவ்வளவு பெரிய குற்றவுணர்வு வந்துவிடுகிறது. உங்கள் மகனிடம் நீங்கள் அந்த இடத்திலேயே இரண்டு வார்த்தை பேச வேண்டியிருக்கலாம். அன்றிரவு, யாருமில்லாத அந்த வீட்டிலிருந்து டி.ஜே.க்குத் தொலைபேசி அழைப்பு வருகிறது.

அதன் பிறகு வீடே உயிர்பெறுகிறது. வாசற்படியின் பலகைகள் பிளந்து பற்களாக நிற்கின்றன, மாடிச் சன்னல்கள் கண்களாகின்றன, உள்ளே விரித்திருக்கும் கம்பளம் நாக்காக நீண்டு வெளியே வருகிறது. பிள்ளைகள் மிகவும் பயப்படும் காட்சி எது என்று என்னைக் கேட்டால், போன்ஸ் என்ற இளைஞன் விழுங்கப்படும் காட்சியைத்தான் சொல்வேன். அவன் சிறுவனாக இருந்தபோது அவனுடைய பட்டத்தைக் கிழவர் பறித்துக்கொண்டிருக்கிறார். இரவில் அந்த வீட்டின் வாசலில் அதே பட்டம் தென்படுகிறது. அவன் முரடன்தான், ஆனால் பட்டத்தைக் கண்டதும் முகம் சிறுபிள்ளையின் முகமாகி, அதை எடுக்க நடந்து போகிறான். வீடு கத்தவும் இல்லை, பாயவும் இல்லை. அவன் தானாக வரும்வரை காத்திருக்கிறது. பாய்ந்து பயமுறுத்தும் காட்சிகளைப் பிள்ளைகள் சிரித்துக் கடந்துவிடுவார்கள், ஆசை காட்டி இழுக்கும் இந்தக் காட்சியோ மனத்தில் தங்கிவிடும். ஆறு வயதுக்குப் பொறுக்கச் சொன்னதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் கான்ஸ்டன்ஸ். அவள் நெபர்கிராக்கரின் மனைவி. ஒரு சர்க்கஸில், உடல் பருமனுக்காகக் காட்சிப்பொருளாகக் கூண்டில் வைக்கப்பட்டிருந்தவள். அவளை விரும்பி அங்கிருந்து மீட்டுத் திருமணம் செய்துகொண்ட அவர், அவளுக்காக ஒரு வீடு கட்டத் தொடங்குகிறார். ஹாலோவீன் நாளில் தெருப் பிள்ளைகள் அவளைச் சீண்டிப் பொருள்களை எறிய, கோபத்தில் கோடரியோடு பாய்ந்தவள் கால் தவறி அடித்தளக் குழியில் விழுகிறாள். மேலே கலவை இயந்திரத்திலிருந்து சிமெண்ட் கொட்டி அவளை மூடிவிடுகிறது. மனம் உடைந்த கணவர், அவள் ஆசைப்பட்டபடியே வீட்டைக் கட்டி முடிக்கிறார். வீட்டுக்குள் இருப்பது அவளுடைய உயிர்தான். பிள்ளைகளை அவர் விரட்டியதெல்லாம் அவளிடமிருந்து அவர்களைக் காப்பதற்காக என்பது அப்போதுதான் தெரிகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. வீடு ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு முழுமையான காரணம் சொல்லும் படம் இது. காரணம் தெரிந்த பயத்தைப் பிள்ளைகளால் தாங்க முடியும். காரணமே இல்லாமல் கதவு ஆடுவதும் விளக்கு அணைவதுமாக முடிந்துவிடும் படங்கள்தாம் அவர்களைப் படுக்கை வரை துரத்துகின்றன. முடிவில் வீடு வெடித்துச் சிதறும்போது கான்ஸ்டன்ஸின் ஆவி வெளிப்பட்டு, கணவரோடு சில நொடிகள் நடனமாடி விடைபெறுகிறது. அந்த அரக்கத்தனத்துக்குள் இருந்தவளை நாம் வருத்தத்தோடு பார்க்கும்படி செய்ததற்காகவே இப்படத்தின் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

பதில் 2: அசைபடத் தொழிலாளி

பதில் 1 எழுதிய ஐயாவுடன் உடன்படுகிறேன். என் தொழில் சார்ந்து ஒன்றிரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன், ஏனெனில் பயத்தின் அளவை இவையும் தீர்மானிக்கின்றன.

நடிகர்களின் உடலிலும் முகத்திலும் குறிப்புள்ளிகளை ஒட்டி, அவர்களுடைய அசைவுகளைக் கணினியில் பதிவுசெய்து, அந்த அசைவுகளைப் பாத்திரங்களுக்கு ஏற்றும் முறையில் எடுக்கப்பட்ட படம் இது. ஜெமக்கிஸ் 2004இல் இதே முறையில் எடுத்த ‘தி போலார் எக்ஸ்பிரஸ்’ படத்தில் மனிதர்களை அச்சு அசலாக வடிக்க முயன்றதால், முகங்கள் உயிரற்றுத் தெரிகின்றன என்ற விமர்சனம் எழுந்தது. இங்கே அந்த வழியை விட்டுவிட்டுத் தலைகளைப் பெரிதாக்கி, தலைமுடியை மரத்தில் செதுக்கியது போன்ற ஒரே கட்டியாக வைத்திருக்கிறார்கள். பொம்மை என்று கண்ணுக்குத் தெரிகிறது, அசைவிலோ உண்மையான நடிகரின் மூச்சு இருக்கிறது. பயப்படும் பிள்ளைக்கு இந்த இடைவெளி பெரிய பாதுகாப்பு.

ஒளியமைப்பும் அப்படித்தான். முழுநீளத் திரைப்படம் ஒன்று ‘அர்னால்ட்’ என்ற மென்பொருளால் முழுவதுமாக உருவாக்கப்பட்டது இதுவே முதல்முறை. ஒளி ஒரு சுவரில் பட்டு, தெறித்து, அடுத்த பொருளின் மீது மங்கலாக விழுவதை அந்த மென்பொருள் தானே கணக்கிடும். மூலைக்கு மூலை பொய்விளக்கு வைத்துச் சமாளிக்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்த வீடு அட்டையிலும் மரத்திலும் கையால் கட்டிய சிறிய மாதிரியைப் போலத் தெரிகிறது. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும் இதற்குக் கிடைத்தது. இன்றும் சலிக்காமல் பார்க்கிறேன்.

பதில் 3: நூலகர்

மேலே எழுதிய இருவரையும் மதிக்கிறேன். ஆனால் கான்ஸ்டன்ஸைப் படம் கையாளும் விதத்தில் எனக்குக் கடுமையான மனவருத்தம் உண்டு. உடல் பருமனுக்காக ஊரார் கேலி செய்த ஒரு பெண், பிற்பாடு எதையும் விழுங்கித் தீர்க்கும் வாயாகவே ஆகிவிடுகிறாள். அவள்மீது இரக்கம் கொள்ளச் சொல்லும் படமே அவளுடைய உருவத்தைப் பயமுறுத்தும் கருவியாகவும் பயன்படுத்துகிறது. அவள்மீது பொருள்களை எறிந்து சீண்டிய பிள்ளைகள் என்ன ஆனார்கள், அவர்கள் வருந்தினார்களா என்று படம் கேட்பதே இல்லை. வகுப்பில் பருமனான பிள்ளை ஒன்று இருந்தால், இந்தப் படம் பார்த்த மறுநாள் அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் சூட்டப்படும் என்பதை நாம் யோசிக்க வேண்டும். படத்தைக் காட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காட்டிய பிறகு, கூண்டில் இருந்தவளை எல்லாரும் பார்த்துச் சிரித்தார்களே, அது சரியா என்று மகனிடம் கேட்டுவிடுங்கள்.

மகளுக்கு மாற்று வேண்டும் என்றால், 1995இல் வெளிவந்த ‘காஸ்பர்’ படத்தைப் பரிந்துரைக்கிறேன். மெய்ன் மாநிலத்துப் பாழடைந்த மாளிகை ஒன்றில் வாழும் சிறுவன் பேயின் கதை அது. முதன்மைப் பாத்திரத்தை முழுக்க முழுக்கக் கணினியில் உருவாக்கிய முதல் திரைப்படமும் அதுவே. காஸ்பர் யாரையும் பயமுறுத்த விரும்பாதவன், நட்புக்கு ஏங்குபவன். அட்டகாசம் செய்பவர்கள் அவனுடைய மூன்று பேய் மாமன்கள்தாம். ஆனால் அங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பனிச்சறுக்கு வண்டி ஒன்றைப் பரிசாகப் பெற்ற சிறுவன், குளிரில் நெடுநேரம் விளையாடி நிமோனியா கண்டு இறந்ததை அவனே நினைவுகூர்ந்து சொல்லும் காட்சி ஒன்று வருகிறது. வீட்டுக்கு வரும் சிறுமியோ தாயை இழந்தவள். பயம் குறைவு, துயரம் அதிகம். எந்தச் சுமையை உங்கள் மகளால் தாங்க முடியும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இரு பிள்ளைகளின் அம்மா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கான்ஸ்டன்ஸைப் பற்றி நூலகர் எழுதியதை நான் கட்டாயம் மனத்தில் வைத்துக்கொள்வேன். மகனுக்கு மட்டும் முதலில் காட்டலாம் என்று முடிவுசெய்துவிட்டேன். இருந்தாலும் சின்னவள் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டாள். “பேய் நிஜமா அம்மா?” என்று கேட்டால் வெறுமனே “இல்லை” என்பதைவிட நல்ல பதில் ஏதாவது இருக்கிறதா?

பதில் 4: அறிவியல் ஆசிரியர்

இருக்கிறது அம்மா. பேயை நீங்களே செய்து காட்டுங்கள். இரவில் அறை விளக்கை எரியவிட்டு, சன்னலின் கண்ணாடியை மூடி, இரண்டு பிள்ளைகளையும் அதன் முன் நிறுத்துங்கள். வெளியே இருட்டில் நிற்கும் மரத்தின் நடுவே அவர்களுடைய முகங்கள் மிதப்பது தெரியும். முகத்தின் ஊடாக மரக்கிளையும் தெரியும். விளக்கை அணைத்தால் முகம் மறைந்து மரம் மட்டும் நிற்கும். சுவிட்சைச் சின்னவள் கையிலேயே கொடுங்கள்.

இது சிறுபிள்ளை விளையாட்டு மட்டும் என்று எண்ண வேண்டாம். ஹென்றி டிர்க்ஸ் என்பவரின் யோசனையை வளர்த்தெடுத்து, ஜான் ஹென்றி பெப்பர் என்ற அறிவியலாளர் 1862 டிசம்பரில் லண்டனின் ராயல் பாலிடெக்னிக்கில் மேடையேற்றிய பேய் இதே முறையில்தான் தோன்றியது. மேடைக்கு முன்னால் பெரிய கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தி, பார்வையாளர் கண்ணுக்குப் படாத பள்ளத்தில் ஒரு நடிகரை வைத்து, அவர்மீது வலுவான ஒளியைப் பாய்ச்சினார்கள். கண்ணாடி கண்ணுக்குத் தெரியவில்லை. அதில் விழுந்த பிம்பம் மட்டும் மேடை நடுவே நின்றது. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1969 ஆகஸ்டில் திறக்கப்பட்ட ‘ஹாண்டட் மேன்ஷன்’ என்ற பேய்மாளிகைச் சவாரியில், ஆவிகள் நடனமாடும் பெரிய கூடத்திலும் இந்தக் கண்ணாடி வித்தையைத்தான் கையாண்டிருக்கிறார்கள்.

அந்தச் சவாரியை வைத்து 2003இல் அதே பெயரில் எடி மர்ஃபி நடித்த படம் ஒன்று வந்தது. பெயரைக் கேட்டுக் குடும்பப்படம்தானே என்று போட்டுவிடாதீர்கள். காதலி இறந்த துயரத்தில் ஒருவன் தற்கொலை செய்துகொண்டதுதான் அந்தக் கதையின் வேர்.

பதில் 1 எழுதிய திரை வாசகர், மீண்டும்

நூலகர் அவர்களின் கேள்வி நியாயமானது. எறிந்த பிள்ளைகளைப் படம் பொறுப்பேற்க வைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குறையைப் பெற்றோரின் பேச்சுதான் நிரப்ப வேண்டும்.

ஒரு செய்தியை மட்டும் சேர்த்துவிடுகிறேன். வீடு விழுங்கியவர்களில் இரண்டு காவலர்களும் ஒரு நாயும் உண்டு. எட்டிப் பார்க்கும் சின்னவள் கேட்கப்போவது பெரும்பாலும் அந்த நாயைப் பற்றித்தான். கடைசியில் பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் படத்தை நிறுத்திவிடாதீர்கள். விழுங்கப்பட்டவர்கள் இடிபாடுகளிலிருந்து உயிரோடு வெளியே வருவதை அதன் இடையில்தான் காட்டுகிறார்கள்.